வரிகளுக்குப் பின்னால் படிந்த தூசி

என் செல்ல அக்காவுக்கு,

நம்ம பெட்டி ஓடுதுக்கா, இந்த அடைமழையிலும் உன் பட்டாசுக் கம்பெனியில் திரி ஈரமில்லாமல் காய்கிறது, காயவைக்கும் அறையில் ஒரு குண்டு பல்புகூட எரியவில்லை.

இந்த ஒரு வரியை எழுதத்தான் காத்திருந்தேன். போன வாரம் எழுதியிருந்தால் இதோடு முடிந்திருக்கும். இப்போது முடியாது.

போன மழையில், காயாத திரிக்குப் பக்கத்தில் பல்பைத் தொங்கவிட்டு உன்னை உள்ளே அனுப்பினார்கள். நீ திரும்பி வரவில்லை. நீ நின்ற இடத்தில்தான் இப்போது அம்மா நிற்கிறாள்.

நாம் வீட்டுத் தரையில் சாக்பீஸால் இந்தப் பெட்டியை வரைந்தது ஞாபகம் இருக்கிறதா? தூரத்தில் அடுப்பு. அங்கிருந்து குழாயில் வரும் வெந்நீர் ஒரு தகரத்தைச் சூடாக்கும். அந்தத் தகரத்தை ஒட்டி விசிறி காற்றைத் தள்ளும். அறைக்குள் சூடான காற்று போகும், நெருப்பு போகாது.

வழவழப்பான தகரத்தில் அது சரிப்படவில்லை. தகரத்தைத் தொட்ட காற்று மெல்லிய தோல்போல அங்கேயே தங்கிவிடும். மேலே ஓடுகிற காற்று சூடு ஏறாமலே போய்விடும். வீடியோவாகப் பார்த்துத் தள்ளியதில் வழி கிடைத்தது. காற்றுக்குக் குறுக்கே வரிவரியாகப் பட்டை வைத்தால், அது ஒவ்வொரு பட்டையிலும் தடுக்கி, சுழன்று, மறுபடி தகரத்தில் விழுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும்.

"ஏலே, ரோட்டுக்குத்தான் வேகத்தடை போடுவாக. நீ காத்துக்குப் போடப் போறியா?" என்று சிரித்தாய்.

போட்டேன்க்கா. வேலை செய்தது. போர்மேன் அண்ணாச்சியே கையை நீட்டிப் பார்த்து அசந்துபோனார்.

நேற்றுச் சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "இப்ப இன்னும் வெரசாக் காயுதுய்யா. அறைய விட்டு வெளிய போற சூட்டுக் காத்தை, அண்ணாச்சி ஒரு குழாயைச் சொருகித் திருப்பி ஒம் பெட்டிக்குள்ளயே விட்டுட்டாரு. வெந்நி வீணாப் போகக் கூடாதாம்ல."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அது திரியிலிருந்து உதிர்கிற வெடிமருந்துத் தூசி கலந்த காற்று.

இன்று போய்ப் பெட்டியை நிறுத்தி மூடியைத் திறக்கச் சொன்னேன். ஒவ்வொரு பட்டைக்கும் பின்னால், காற்று சுழல்கிற அந்த ஒதுக்கில், சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. மை போட்டு இழுத்ததுபோல் நேராக. கீழே சுடுகிற தகரம். சூட்டைக் கூட்ட நான் வைத்த வரிகளே மருந்தையும் பிடித்து வைத்திருக்கின்றன.

"துடைச்சிட்டு மூடுலே. சீசன் லோடு நிக்குது" என்று அண்ணாச்சி ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு சுரண்டக் குனிந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வீடியோ பாத்துப் படிச்ச பயலுக்கு இம்புட்டுப் பயமா?"

"உரசுனா நாம ரெண்டு பேரும் இருக்க மாட்டோம் அண்ணாச்சி."

தகட்டை மெதுவாகக் கீழே வைத்தார். குழாயை மட்டும் கழற்றவில்லை. "நாளைக்கு ஓட்டித்தான் ஆகணும். மொதலாளிகிட்ட நீ வந்து பதில் சொல்லுவியா?" என்றார்.

போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டதால் என்னிடம் படம் இல்லை. என் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது. அதை அம்மாவிடமும் சொல்லிப் பார்த்தேன். அவள் நாளைக்குக் கட்டப்போகிற சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எம் மவன் செஞ்ச பெட்டி, என்னைய என்ன செஞ்சிரப் போகுது?"

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

திங்கட்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்ப் புகார் கொடுப்பேன். ஆனால் நாளை சனிக்கிழமை. ஆபீஸ் கிடையாது, ஆள் ஏற்றுகிற கம்பெனி வேன் உண்டு. அதனால் இந்தக் கடிதத்தை நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுகிறேன்க்கா.

இதைப் படிக்கிற ஆமத்தூர்க்காரர்களே, காலையில் வேன் வருவதற்கு முன்னால், ரோடு பிரிகிற நம்ம ஊர் விலக்குக்கு வாங்க. குழாயைக் கழற்றுகிறவரை யாரும் ஏற வேண்டாம் என்று என்கூட நின்று சொல்லுங்க. வேறு கம்பெனியில் இப்படிப் பெட்டி இருந்தால், வெளியே போகிற காற்று எங்கே போகிறது என்று கேளுங்க. தூசியைத் தொடாதீங்க. வர முடியாதவர்கள் இதை அந்த வேனில் போகிறவர்களுக்கு அனுப்புங்க.

யாரும் வராவிட்டாலும் நான் நிற்பேன்க்கா. உன்னை ஏற்றிக்கொண்டு போன அந்த வேனில் அம்மாவை ஏறவிட மாட்டேன்.

வேன் வாசலை மறித்து நிற்கப்போகிற,
உன் தம்பி