உன் தம்பியைச் சாமி ஆக்கிவிட்டார்கள்

நாகரசம்பட்டி
12-6-1956

சிரஞ்சீவி முனிவேலுக்கு அப்பா எழுதிக்கொண்டது. பம்பாயில் நீயும் ருக்மணியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்குக் குறைவில்லை, ஆனால் யாவரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் தம்பி வெங்கடப்பனைச் சாமி ஆக்கிவிட்டார்கள். சிரிக்காதே, நானும் முதலில் சிரித்தவன்தான்.

அவனிடம் என்ன இருக்கிறது, நீயே சொல். பாட்டு வராது, பேச்சு வராது, யாராவது ஏதாவது கேட்டால் பதில் தெரியாமல் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான். தை மாதம் ராஜாத்தி வீட்டுப் பசு காணாமல் போய் அவள் இவனைக் கேட்க, வழக்கம்போல் முழித்துக்கொண்டு ஏரிப் பக்கம் பார்த்திருக்கிறான், பசு ஏரிக்கரையில் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான் அற்புதம். மாட்டுத் தரகன் கிருஷ்ணப்பன் அதைப் பிடித்துக்கொண்டான். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசிப் பழகிய ஆள், இவன் விரல் அசைந்தால் ஒரு வாக்கு, அசையாவிட்டால் வேறு வாக்கு என்று மூன்று பாஷையிலும் அளந்து விடுகிறான். ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரரும் தெலுங்குக்காரரும் வண்டி கட்டிக்கொண்டு வந்து, சாமி எங்கள் மனசில் இருந்ததையே சொல்லிவிட்டார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். பதிலை மனசில் கொண்டுவந்தவர்களும் அவர்கள், கொண்டுபோகிறவர்களும் அவர்கள், நடுவில் இந்தத் தடியன் எதற்கு? நன்றாகப் பேசுகிறவனாக இருந்தால் என்றைக்காவது உளறி மாட்டிக்கொள்வான். இவன் வாயே திறக்காததால் இவனைப் பொய்யன் என்று சொல்ல எவனாலும் முடியவில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

இதோடு நின்றிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். சாமிக்குச் சம்சாரம் ஆவாது, சம்பங்கி கைக்கொழந்தையோட பொறந்தவூட்டுக்கே போயிடட்டும் என்று கிருஷ்ணப்பன் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. போன வெள்ளிக்கிழமை, அவனை உட்காரவைத்திருக்கும் இடத்துக்கே அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு போய், அத்தனை கூட்டத்துக்கு நடுவே, டேய் வெங்கடப்பா, உம் பொண்டாட்டி நம்ம வூட்ல இருக்கட்டுமா வேணாமா, நீயே உன் வாயால சொல்லுடா என்று கேட்டேன். அவன் பேசவில்லை. சாமி வேணாம்னுட்டாரு என்றான் கிருஷ்ணப்பன். முனிவேலு, பதில் தெரியாமல் அவன் முழிக்கும் முகம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அன்றைக்கு அந்த முகம் இல்லை. தெரிந்தேதான் சும்மா இருந்தான். சம்பங்கியும் அதைப் பார்த்துவிட்டாள்.

அவளும் குழந்தையும் நம் வீட்டில்தான் இருப்பார்கள், மறுத்துப் பேச எவன் வாசலுக்கு வந்தாலும் செருப்பால் அடிப்பேன். நீ லீவு போட்டுவிட்டு உடனே புறப்பட்டு வா, அவன் காதைப் பிடித்து இழுத்துவர எனக்கு வயதாகிவிட்டது. அங்கே மழை தொடங்கியிருக்கும், நனையாதே. உங்கள் இருவருக்கும் எல்லா நன்மையும் உண்டாகட்டும். தாமதிக்காதே. நேற்று உன் அம்மா எனக்குத் தெரியாமல் தேங்காய் பழத்தோடு போய் அவன் முன்னால் வரிசையில் நின்றுவிட்டு வந்து, எம் புள்ள எங்கிட்டப் பேசிட்டான் என்று அழுகிறாள். அவன் பேசவில்லை என்று சொல்ல இந்த வீட்டில் இனி நானும் சம்பங்கியும்தான் மிச்சம்.

இப்படிக்கு,
உன் அப்பா
நாராயணப்பன்