நம்பலாம், அண்ணி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன் அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். உங்கண்ணன் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். "அவன் மேகத்துக்கே மேனேஜர். அவனுக்குப் போய் தபால் அனுப்புறியே!" என்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். பல் கிளினிக்குகளின் எக்ஸ்ரே படங்களைப் பத்திரப்படுத்தித் தரும் எங்கள் குட்டிக் கம்பெனி ஒருவழியாகக் காலூன்றிவிட்டது. படங்கள் முழுக்க உங்கள் கம்பெனிக் கணினிகளில், கிளவுடில்தான் (உங்கண்ணன் கேலி செய்யும் அந்த மேகம்) இருக்கின்றன. மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டால் தள்ளுபடி என்கிறார்கள் உங்கள் ஆட்கள். போட்டிக் கம்பெனிக்காரரோ தினமும் வந்து உட்கார்ந்துகொள்கிறார். "எல்லாப் படத்தையும் நாங்களே மாத்தித் தர்றோம், செலவு எங்களோடது" என்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

என் கூட்டாளி டீச்சருக்கு (பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது) அந்தப் பக்கம் போகத்தான் ஆசை. "என் கொழுந்தனைக் கேக்காம கையெழுத்துப் போட மாட்டேன்" என்று நான்தான் பிடிவாதமாக நிற்கிறேன். இருப்பதா, போவதா? ஒரே வார்த்தையில் எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. போனில் உன் குரலே சரியில்லை.

அன்புடன்,
அண்ணி

*

மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தாமதத்துக்கு மன்னியுங்கள். இங்கே நிலைமை ஒரு மாதிரியாக இருக்கிறது. போட்டிக்காரர்கள் விலையைக் குறைக்கிறார்கள், உடனே நாங்களும் குறைக்கிறோம். எல்லோருக்கும் இப்போது செயற்கை நுண்ணறிவுப் பைத்தியம். அதற்கு இயந்திரங்கள் போதவில்லை என்று மேலிடத்தில் ஒரே கூச்சல். என் பக்கத்து இருக்கைக்காரர் உள்விஷயம் எதையோ வெளியில் சொல்லிவிட்டாராம், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய காபிக் கோப்பையைக்கூட யாரும் எடுக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்வது சரியா என்று தெரியவில்லை. விற்பனைப் பிரிவு சொல்வதுதான் அதிகாரபூர்வமானது. பெரிய கம்பெனிதானே. நம்பலாம், அண்ணி. எதற்கும் படங்களின் நகலை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி

*

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும்! உன் கடிதத்தை டீச்சரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "சொந்தக்காரங்க பேச்சக் கேட்டு யாராவது வியாபாரம் பண்ணுவாங்களா?" என்று முதலில் முறைத்தாள். பிறகு, "அவரே நம்பலாம்னு சொல்றாரு, சரி, போடு" என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டோம். போட்டிக் கம்பெனிக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார், பாவம்.

நகல் வைக்கச் சொல்கிறாயே, அவ்வளவு படங்களை எங்கே வைப்பது? உங்கண்ணன் தலையிலா?

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? கல்யாணமாகி நான் வந்தபோது, அண்ணி என்று கூப்பிடக் கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தவன் நீ. இன்றைக்கு உன் ஒரு வார்த்தையை வைத்து நாங்கள் தொழில் நடத்துகிறோம்.

அன்புடன்,
அண்ணி

*

ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை உங்கள் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. சின்னக் கம்பெனிகளுக்கான சேவையையே இழுத்து மூடுகிறார்களாம். ஆறு மாதத்துக்குள் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மூன்று வருட ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்டால், அதற்குள்ளேயே ஒரு மூலையில் இப்படி நடுவில் மூடவும் இடம் வைத்திருக்கிறார்களாம். நாங்கள்தான் படிக்கவில்லை.

போட்டிக் கம்பெனிக்காரருக்குப் போன் செய்தேன். "அந்தச் சலுகை போன மாசத்தோட முடிஞ்சுதும்மா" என்றார். கிளினிக்குகளிலிருந்து வரிசையாகக் கூப்பிடுகிறார்கள். டீச்சர் எதிர் மேசையில்தான் இருக்கிறாள். காலையிலிருந்து என்னோடு பேசவில்லை.

உனக்கும் இன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். நீ என்ன செய்வாய்? உன் வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லையே? அதை முதலில் எழுது. எங்களுக்கு ஏதாவது வழி கிடைக்கும்.

அன்புடன்,
அண்ணி

*

மே 10

அண்ணிக்கு,

என் வேலைக்கு ஆபத்தில்லை. இதை எழுதவே கூசுகிறது.

எனக்கு முன்னாடியே தெரியும், அண்ணி. ஜனவரியிலேயே தெரியும். மூடுவது என்று முடிவான அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். விற்பனைப் பிரிவுக்குக்கூடச் சொல்லவில்லை, எங்களில் சிலருக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்கு வந்த மின்னஞ்சலில், 'இதனால் ஏற்படும் சிரமத்துக்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம்' என்று இருக்கிறதே, அதை எழுதியதே நான்தான்.

உங்கள் கடிதம் வந்தபோது, 'அந்தப் பக்கம் போய்விடுங்கள்' என்றுதான் முதலில் எழுதினேன். கிழித்துப் போட்டேன். அது வெளியே தெரிந்தால் என்னையும் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். சும்மா இருந்திருக்கலாம், அதையும் செய்யாமல் நம்பலாம் என்று எழுதினேன். நகல் வைத்துக்கொள்ளச் சொன்னேனே என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உங்களுக்காக எழுதியது இல்லை, நான் தப்பித்துக்கொள்ள எழுதியது.

வெட்கமாக இருக்கிறது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. என் வேலைக்கு என்ன ஆகுமோ என்று நீங்கள் கேட்டதைப் படித்ததும் அலுவலகக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த மாதம் லீவு போட்டு வருகிறேன். உங்கள் கூட்டாளி முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி

*

மே 30

தம்பிக்கு,

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. உங்கண்ணனுக்குக்கூட.

படித்தவுடன் உன்மேல் கோபம்கூட வரவில்லை. என்னை நினைத்துத்தான் அவமானமாக இருந்தது. எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்! அன்றைக்கு உன் கடிதத்தை எவ்வளவு சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

ஏழு கிளினிக்குகள் எங்களை விட்டுப் போய்விட்டன. மீதிக் கிளினிக்குகளின் படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டிக் கம்பெனிக்கு மாற்றுகிறோம். எல்லாம் எங்கள் செலவுதான். தப்பித்துவிடுவோம் என்று டீச்சர் சொல்கிறாள். இப்போது என்னோடு பேசுகிறாள். எப்படி என்று கேள்.

போன வாரம் கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் கொழுந்தனுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்றாள்.

"சத்தியமா தெரியாது. அவனுக்கும் அன்னைக்குத்தான் தெரியும்" என்று சொன்னேன்.

வாயில் அதுதான் வந்தது. உன்னைக் காப்பாற்றச் சொன்னேனா, என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் நம்பிவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்மேல் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். நானும் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டேன்.

அதனால் நீ வா. உங்கண்ணன் உன்னைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. ஆனால் யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது. சொன்னால் உன் பாரம் இறங்கிவிடும், நான் பொய்க்காரியாகிவிடுவேன். டீச்சர் உனக்கு ஆறுதல் சொல்வாள். "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களையும்தான ஏமாத்திட்டாங்க" என்பாள். நல்ல மனசுக்காரி, நிறையவே சொல்வாள்.

மறுத்துப் பேசாதே. ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்திரு. நானும் பக்கத்தில்தான் இருப்பேன்.

அண்ணி