பூந்திக்கு இடம் கிடைத்தது

என் செல்லத் தங்கச்சி வடிவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் ஆடிக்காற்று அடிக்குமா என்று தெரியவில்லை. இங்கே தூசியும் சருகுமாக அள்ளி வீட்டுக்குள் கொட்டுகிறது. ஆடித்தபசுத் திருவிழா முடிந்து ஊர் இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறது. எங்கள் தெரு முனையில் போட்டிருந்த பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். உன் பூந்தி கேட்டுக்குப் பக்கத்தில் கால்களைப் பரப்பிப் படுத்துக்கொண்டு, தான்தான் காண்டிராக்டர் என்பதுபோல அதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆமாம் வடிவு, பூந்தி எங்களோடுதான் இருக்கிறாள். இனியும் இருப்பாள். அந்தச் சேதியைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

தை மாதம் உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு, உன் அத்தான்தான் ராஜபாளையத்துக்குப் போய் உன் வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டு வந்தார். லோடு ஆட்டோவில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் பூந்தி. முன்னால் டிரைவரை ஒட்டி ஒடுங்கிக்கொண்டு அத்தான். வாசலில் வந்து இறங்கியபோது இரண்டு பேரில் யார் முகத்தில் பயம் அதிகம் என்று கேட்டால், அத்தான் முகத்தில்தான் என்று சத்தியம் செய்வேன்.

அவ்வளவு பெரிய உடம்பும் தலையுமாக இருக்கிற ராட்வீலர் நாய்க்குப் பூந்தி என்று பேர் வைக்க உன்னால்தான் முடியும். அத்தானுக்குத் தெருவில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட வெட்கம். இருமுவதுபோல வாய்க்குள்ளேயே "பூ" என்பார். அவளும் வந்துவிடுவாள். குக்கர் விசில் அடித்தால் இன்றைக்கும் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில்தான் நுழைகிறாள். அவள் நடுங்குகிற நடுக்கத்தில் கட்டிலும் சேர்ந்து ஆடுகிறது. பயந்தவளைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டுமே என்று முதல் வாரம் அத்தான் குக்கரையே வைக்க விடவில்லை. நாங்கள் வடித்த சோறுதான் சாப்பிட்டோம்.

வீட்டுக்குள் இப்படி. தெருவில் வேறு கதை. பால்காரர் பால் பாக்கெட்டைப் பக்கத்து வீட்டு மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். கூரியர் கொண்டுவருகிறவர் தெரு முனையில் நின்றுகொண்டு போன் போட்டார். தெருக்காரர்கள் வைத்திருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் ஒரு வீடியோ. எந்த ஊர், எந்த நாடு என்று யாருக்கும் தெரியாது. ஒரு கறுப்பு நாய் யார்மேலோ பாயும். கீழே நாலைந்து பேர் கும்பிடு போட்டிருப்பார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் கண்ணில் படட்டும் என்றுதான் போட்டார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவே இல்லை. நீ இருந்த ராஜபாளையத்தில் அந்த ஊர் வெள்ளை நாய் இருக்கிறதே, அது முன்பின் தெரியாதவன் கேட்டைத் தொட்டால் தொடைச்சதையை எடுத்துவிடும். அதைக் காவல் என்கிறோம், பெருமையாக மீசையைத் தடவிக்கொள்கிறோம். பூந்தி எவனையும் தொட்டதில்லை, அவள் கொலைகாரி. நாங்கள் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்கார அண்ணாச்சி வளர்க்கிற ஜூலி, ஒரு முழம்கூட இல்லாத பொமரேனியன், கேஸ் சிலிண்டர் போடுகிறவரிலிருந்து மாப்பிள்ளைவரை கடிக்காத ஆளே கிடையாது. கேட்டால், "அது விளையாட்டுக்குக் கடிக்கும்" என்று அண்ணாச்சி சிரிப்பார். கடி வாங்கியவர்களும் கூடச் சிரித்துவிட்டுப் போய் ஊசி போட்டுக்கொள்வார்கள்.

அந்த அண்ணாச்சிதான் ஆனி மாதம் ஒரு காலையில் வந்தார். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு பேசினார். "தபசுக்கு எம் பிள்ளைங்க எல்லாம் குடும்பத்தோட வாராவ. அதுக்குள்ள இத எங்கனயாவது அனுப்பிருங்க. இல்லன்னா வீட்ட ஒழிச்சுக் குடுத்துருங்க" என்றார்.

அது இதுவரை யாரையும் கடித்ததில்லையே என்று நான் கேட்டேன். "கடிக்கலதாம்மா. ஆனா கடிக்கிற வகைதான?" என்றார். நீயாக இருந்தால் போனை எடுத்து அவருக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருப்பாய். நான் அவர் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வீடு அவருடையது, என்ன செய்ய?

வேறு வீடு தேடினோம். குடியிருக்க வருகிறவர்களைக் கேட்கிற கேள்விகளையெல்லாம் இப்போது நாயைப் பற்றியும் கேட்கிறார்கள் வடிவு. எந்த ஊர், என்ன வகை, என்ன சாப்பிடும், முன்னால் இருந்த இடத்தில் சண்டை சச்சரவு உண்டா. ராட்வீலர் என்றதும் வீடு ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டது என்பார்கள். ஒரு இடத்தில் அத்தான், "கறுப்பு நாட்டு நாய்தான், கொஞ்சம் சாப்பாடு கூட" என்று சொல்லிப் பார்த்தார். அந்த வீட்டுக்காரர் நாயை நேரில் பார்க்க வந்துவிட்டார். வந்தவர் ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை.

கடைசியில் இளையரசனேந்தல் பக்கம் அத்தானுக்குச் சித்தப்பா மகன் ஒருவர் ஆடு வைத்திருக்கிறார், அவரிடம் விடலாம் என்று முடிவாயிற்று. அன்றைக்கு நான் உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஆட்டோவில் ஏறுவதை நான் பார்க்கவில்லை. சாயங்காலம் ஆட்டோ சத்தம் கேட்டு வெளியே வந்தால் அத்தான் இறங்குகிறார், பின்னாலேயே இவளும் குதிக்கிறாள்.

அத்தான் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினார். அந்தத் தம்பி ஆசையாகத்தான் வாங்கிக்கொள்ள வந்தாராம். மோட்டார் ரூமில் இருட்டில் கட்டிப்போட்டு, ரெண்டு நாள் பட்டினி போட்டால் நல்லா வெறி ஏறும், பிறகு ஒருத்தன் ஆட்டுக்கிடைப் பக்கம் வரமாட்டான் என்று சொல்லியிருக்கிறார். "இவளக் கடிக்கிற நாயா ஆக்கத்தான் கேக்கான், கோமு. வீடு போனாப் போகுது. நான் விட மாட்டேன்" என்றார் அத்தான். சொல்லும்போது அவர் கை அவள் தலைமேல் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அந்த நிமிஷம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எங்கள் எதிர்வீட்டு சரசு மதினியை உனக்குத் தெரியும். நீ வரும்போதெல்லாம் அதிரசம் கொடுத்தனுப்புவாளே, தனியாக இருக்கிறவள். பூந்தி வந்த நாளிலிருந்து மதினி குடையில்லாமல் தெருவில் இறங்கியதில்லை. அந்தக் குடை மழைக்கும் இல்லை, வெயிலுக்கும் இல்லை. எங்கள் வீட்டைத் தாண்டும்வரை குடையை விரித்து எங்கள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்வாள். கண்ணில் படாவிட்டால் கடிக்காது என்று கணக்கு.

நம் ஊர்க்காரர்கள் பாம்புக்குப் பயப்படுகிற விதம் தனி. வீட்டுக்குள் பாம்போ தேளோ வந்தால் அடிக்க மாட்டோம், கோமதியம்மனுக்கு நேர்ந்துகொள்வோம். புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, கடையில் வெள்ளித் தகட்டில் பாம்பு உருவம் வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு, இனி அது அம்மன் பாடு என்று நிம்மதியாகத் தூங்குவோம். தபசுக்குக் கொடியேற்றி நாலைந்து நாள் இருக்கும். நான் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மதினி கோயில் பிரகாரத்தில் ஆடிச்சுற்று சுற்றிவிட்டு வந்தாள். கையில் குடை இல்லை. நேராக எங்கள் வாசலுக்கு வந்து, கேட்டின் கொண்டியைத் தூக்கினாள்.

பூந்தி எழுந்து நின்றாள். மதினி உள்ளே வந்து, நெற்றி நிறையப் புற்றுமண்ணோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பூந்தி போனாள், மதினியின் சேலையை முகர்ந்தாள், ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி, தன் மொத்தப் பாரத்தையும் மதினியின் பாதத்தின்மேல் வைத்து உட்கார்ந்துவிட்டாள். உன் காலில் உட்காருவாளே, அதே மாதிரி.

மதினி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "ஏ கோமு, இத எந்திரிக்கச் சொல்லு. கால் வலிக்குல்லா" என்றாள்.

பிறகுதான் விவரம் வந்தது. உருவம் விற்கிற கடையில் போய் நாய் கேட்டிருக்கிறாள். பாம்பு இருக்கிறது, தேள் இருக்கிறது, கண் இருக்கிறது, கால் இருக்கிறது, நாய் இல்லை என்றிருக்கிறார் கடைக்காரர். கடைசியில் கன்றுக்குட்டியை வாங்கி, இதை நாயாக நினைத்துக்கொள் தாயே என்று அம்மனிடம் விவரமாகச் சொல்லி உண்டியலில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் தெரு முழுக்க இதுதான் பேச்சு. கெடு முடியப்போகிறது என்று ஞாபகப்படுத்த அண்ணாச்சி வந்தபோது, மதினி எங்கள் கேட்டுக்குள்ளே, பூந்தி முதுகில் கையை வைத்தபடி நின்றாள். "அண்ணாச்சி, அம்மா அது வாயக் கட்டிப் போட்டுட்டா. இனிமே இத வெரட்டுனா, அம்மாவ நம்பலன்னுல்லா ஆயிரும்" என்றாள். அண்ணாச்சி பூந்தியைப் பார்த்தார். கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சரி, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அப்போது உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தின்மேல் பழி போட்டேன்.

தபசு அன்றைக்கு அவர் வீட்டில் ஒரே கூட்டம். ஜூலி சம்பந்தியம்மாளைக் கடித்துவிட்டது. அதற்கு யாரும் உருவம் வாங்கிப் போடவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, அதோடு விடுவேனா நான்? மனசுக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. பூந்தி முதலிலிருந்தே கடிக்காதவள். இப்போது என்னவென்றால், கடிக்கிறவளை அம்மன் திருத்திவிட்டதாக ஊர் சொல்கிறது. நல்ல பிள்ளைக்குத் திருந்தின பிள்ளை என்று பேர் வைத்தால் சும்மா இருக்க முடியுமா? அத்தான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றார். முந்தாநாள் மதினியிடம் சொல்லியே விட்டேன். "மதினி, இது முன்னாடியும் யாரையும் கடிச்சதில்ல. நீங்க உருவம் போட்டதுனால இல்ல" என்றேன்.

மதினி பூந்திக்கு அதிரசத்தைப் பிட்டுப் போட்டுக்கொண்டே சொன்னாள். "எனக்குத் தெரியாதாக்கும்? இத்தன மாசமா ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். அது தட்டுல காக்கா வந்து திங்குது, இது சும்மா பாத்துக்கிட்டுப் படுத்திருக்கு. தெரிஞ்சும் எனக்குப் பயம் போகலயே. அந்தப் பயத்துக்குத்தான் உருவம் போட்டேன், நாய்க்குப் போடல."

பிறகு எதற்கு அண்ணாச்சியிடம் வாயைக் கட்டியதாகச் சொன்னீர்கள் என்றேன்.

"நல்ல நாய்னு நீ சொன்ன, கேட்டாரா? அவருக்கும் பயம்தான், ஆம்பள, வெளிய சொல்ல முடியுமா? அவரு பயத்துக்கும் சேத்து நானே ஒரு வார்த்த சொல்லிட்டேன்" என்றாள். மதினி சொன்னதை நான் அப்படியே ஒத்துக்கொண்டேன். அது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

அன்றையிலிருந்து ஒன்றை யோசித்துக்கொண்டே இருக்கிறேன் வடிவு. ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பீரோச் சாவியைப் பற்றிச் சொன்னாய், செடிகளைப் பற்றிச் சொன்னாய், பக்கத்து வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தூக்குவாளியைப் பற்றிக்கூடச் சொன்னாய். பூந்தியை வைத்துக்கொள் அக்கா என்று மட்டும் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்ப்பாய், வாய் வரை வரும், அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். நம் குடும்பத்தில் எனக்கு ஒரு பேர் இருக்கிறதே, கோமு வாயைத் திறந்தால் கடித்துக் குதறிவிடுவாள் என்று. நீயுமா அதை நம்பினாய்?

கேட்டிருந்தால் திட்டியிருப்பேன், அது உண்மைதான். எருமை மாதிரி நாயை வளர்த்துவிட்டு என் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று கத்தியிருப்பேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொல்லியிருப்பாள். வெளியே போய்விட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, சரி என்றுதான் சொல்லியிருப்பேன் வடிவு. அதைக் கேட்டுவிட்டு நீ போயிருக்கலாம்.

நீ கேட்காததற்கு இப்போது பதில் சொல்கிறேன். அவளைக் கட்டிப்போட மாட்டேன். யாரிடமும் கொடுக்க மாட்டேன். இந்த வீடு இல்லையென்றால் இன்னொரு வீடு பார்ப்போம். அவளுக்கு வயசாகி நடக்க முடியாமல் போனாலும் அத்தானும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வெயிலில் விடுவோம். இது சத்தியம்.

திட்டிக்கொண்டே அவளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருக்கும்
உன் அக்கா,
கோமு