காய்ச்சல் வருஷத்துத் தாள்

என் பாசத்துக்குரிய அண்ணைக்கு,

உங்கள் வரைபடக் கட்டு போன ஞாயிற்றுக்கிழமை நீர்வேலி வாசிகசாலைக்குப் போய் வந்தது. கொண்டுபோனவள் நான். நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டேன், கேளுங்கள்.

ஒவ்வொரு ஆவணியும் நீங்கள் சைக்கிளில் கிணறு கிணறாய்ப் போய்ப் போத்தலில் தண்ணீர் எடுத்து வருவீர்கள். உப்பேறிய இடங்களுக்கு நான் நீலம் தீட்டுவேன். வருஷத்துக்கு ஒரு தாள். பெருவிரலால் கட்டைச் சரசரவென்று விட்டால், கடல்நீரேரிப் பக்கமிருந்து நீலம் தோட்டங்களுக்குள் நடந்து வரும்.

நீங்கள் நெருப்புக் காய்ச்சலில் கிடந்த வருஷம் ஒருவரும் போகவில்லை. முன் வருஷத்துக்கும் பின் வருஷத்துக்கும் நடுவே நானாகவே ஒரு கோடு கீறி நீலம் போட்டேன். படம் துள்ளாமல் ஓடியது.

"தெரியாததை வெறுமையாய் விடு, பிள்ளை. பாக்கிறவை கேக்கட்டும்," என்றீர்கள். மூன்று நாள் நான் உங்களோடு கதைக்கவில்லை. நீங்கள் வெறுந்தாளை வைத்துக் கட்டினீர்கள். என் தாளை நானும் எறியவில்லை.

நீங்கள் கண்மூடிப் போன பிறகு என்னை யார் கேட்க? கிணறுகளுக்கு இன்னும் பெரிய பம்ப் பூட்டுவதா என்று பேசத் தோட்டக்காரர்கள் வாசிகசாலையில் கூடினார்கள். நல்ல தண்ணீரை இறைக்க இறைக்க உப்பு உள்ளே வரும் என்று நீங்கள் சொல்வீர்களே. அதைத் தடுக்க வேண்டுமென்றால் படம் வடிவாக ஓட வேண்டும் என்று நினைத்து என் தாளையே செருகினேன். உங்கள் தாளை ஏனோ கைப்பைக்குள் போட்டிருந்தேன்.

வாழைத்தோட்டக்காரர் ஒருவர் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அந்தத் தாளில் விரலை வைத்தார்.

"உந்த வருசம் என்ரை கிணறு நல்ல தண்ணி. ஆர் உப்பெண்டு சொன்னது?"

மற்றத் தாள்களும் இப்படித்தானோ என்று பின்னாலிருந்து கேட்டார்கள். உங்கள் இத்தனை வருஷ ஓட்டத்தையும் ஒரு தாளால் பொய்யாக்கிவிட்டேனே என்று அழுகை வந்தது, அண்ணை.

இது அண்ணை கீறியதல்ல, நான் கீறியது என்று சொல்லி எல்லோர் முன்னாலும் கிழித்தேன். உங்கள் வெறுந்தாளை வைத்து மறுபடி ஓட்டினேன். வேலிக்கு வெளியே நின்ற நீலம், வெள்ளைத் தாள் தாண்டியதும் ஒரே பாய்ச்சலில் அவர் தோட்டத்துக்குள் நின்றது. அவர் வெள்ளைத் தாளுக்குத் திரும்பப் புரட்டினார்.

"அந்த வருச மாரி முடியத்தான் நான் பம்ப் பூட்டினனான்," என்றார்.

பிறகு பெரிய பம்ப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. உங்களுக்கு முன்னமே தெரியுமா அண்ணை, அல்லது தெரியாது என்பது மட்டுமா தெரியும்?

வாற ஆவணிக்கு உங்கள் சைக்கிளை எடுக்கிறேன். விழுந்தெழும்பியாவது போவேன். போக முடியாத கிணற்றுக்கு நிறம் போட மாட்டேன்.

மூன்று நாள் கதைக்காமல் இருந்த உங்கள்
தங்கச்சி
உரும்பிராய்