விசில் கேட்டால் ஓடுகிறவர்கள்

உன் பெட்டியை இன்று காலைதான் திறந்தோம். செல்போனையும் பெல்ட்டையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதற்காகப் பட்டாசுக் கம்பெனி வாசலில் ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார்களே, அந்த இரும்புப் பெட்டி. நீ போய் எட்டு மாதமாகிறது. சாவி ஏதோ சட்டைப் பையில் கிடந்ததாம், உன் மகள் கொண்டுவந்து தந்தாள். உள்ளே ஒரு துண்டு, ஒரு சீப்பு, பாதி தீர்ந்த மூக்குப்பொடி டப்பா. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் விசில். அட திருட்டுப் பயலே! லைஃப் ஜாக்கெட்டோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாய் என்றுதானே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அதைக் கையில் எடுத்தேன். உன்னை நினைத்து அழுகைதான் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது பயம்.

கடலுக்குப் போகலாம் என்று கிளப்பிவிட்டவன் நீ. தீபாவளி சீசன் முடிந்து, கடைசி லோடும் ஏறி, கம்பெனியை மூடியிருந்த நாட்கள். "வருசம் பூரா மருந்துக்குள்ளயே கெடக்கோம், ஒரு நா தண்ணிக்குள்ள கெடப்போம்லே" என்றாய். நாரணாபுரத்திலிருந்து ஒரு வேனில் பத்துப் பேர் புறப்பட்டோம். என் மனைவி ராணியும், பேக்கிங்கில் அவள் பக்கத்தில் உட்காரும் செல்வியும் வந்தார்கள். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது, ராணிக்கும் தெரியாது.

ராமநாதபுரம் கரையில் ஐந்து கயாக் படகுகளை வரிசையாகப் போட்டு வைத்திருந்தார் படகுக்காரர் அந்தோணி அண்ணன். படகுக்கு இரண்டு பேர், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். அவர் தனிப் படகில். தீவுகளில் இறங்கக் கூடாது, சுற்றி வரலாம் என்றார். ஒவ்வொருவருக்கும் விசில் தொங்கும் லைஃப் ஜாக்கெட்டும் ஓர் எண்ணும் கொடுத்தார். நீ ஒன்று, நான் இரண்டு, ராணி ஒன்பது, செல்வி பத்து. பிறகு தன் விசிலைத் தூக்கிக் காட்டினார்.

"நான் நீளமா ஊதுனா எல்லாரும் என்கிட்ட வந்துரணும். படகோட படகு ஒட்டி, பக்கத்துப் படகைக் கையால பிடிச்சுக்கணும். பிரிஞ்சீங்கன்னா காத்து ஆளுக்கொரு பக்கமா கொண்டுபோயிரும்."

எல்லோரும் தலையாட்டினோம். நீயும் ஆட்டினாய். நம்மில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நம் கம்பெனியில் நீண்ட விசிலுக்கு என்ன அர்த்தம் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? மாதம் ஒருமுறை ஒத்திகை வைத்து அதை ஊதிய போர்மேன் நீதானே. "விசில் கேட்டா கையில உள்ளதப் போட்டுட்டு ஓடு. கூட்டமா ஓடாத, ஆளுக்கொரு பக்கமா ஓடு. பின்னால திரும்பிப் பாக்காத." இருபது வருடமாக அதைச் சொல்லிச் சொல்லி எங்கள் காலுக்குள்ளேயே இறக்கிவிட்டிருந்தாய். அது தப்பில்லை. திரும்பிப் பார்த்து நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று நாம் இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம்.

முதல் ஒரு மணி நேரம் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. அடியில் பாசி அசைவதுகூடத் தெரிந்தது. பின்னால் உட்கார்ந்து நீ என் முதுகில் தண்ணீரை அடித்துக்கொண்டே வந்தாய். செல்வி, "அண்ணாச்சி, அங்கன பாருங்க, மீன் துள்ளுது!" என்று கத்தினாள். இரண்டு தீவுகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது வடகிழக்கே வானம் கறுத்தது. அது மழை என்று நாம் பேசி முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. படகு பக்கவாட்டில் எழும்பி விழுந்தது. அந்தோணி அண்ணன் நீளமாக விசில் ஊதினார்.

சிதறினோம்.

ஐந்து படகும் ஐந்து பக்கம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. "ஓடுங்கலே!" என்று உன் குரல் என் பிடரியில் அறைந்தது. கடலில் எங்கே ஓடுவது? ஆனால் நீ துடுப்பைப் போட்ட வேகத்தில் படகு தீவைப் பார்த்துப் பாய்ந்தது. நானும் போட்டேன். எத்தனை என்று எனக்குத் தெரியும். பத்து. பத்துத் தடவை துடுப்பைப் போட்ட பிறகுதான் எனக்கு ராணி ஞாபகம் வந்தாள்.

திரும்பிப் பார்த்தேன். அவர்கள் படகை மட்டும் காற்று தீவுகளின் இடைவெளி வழியாக வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. செல்வியின் துடுப்பு கையில் இல்லை. ராணி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு நம்மையே பார்த்திருந்தாள்.

"திருப்புலே! ராணி போறா!"

"பின்னால பாக்காத முருகேசா! போடு!"

என் துடுப்பைத் தண்ணீரில் குறுக்கே செருகினேன். படகு சாய்ந்து இரண்டு பேரும் கவிழ இருந்தோம். நீ என் தாயையும் தகப்பனையும் இழுத்துத் திட்டினாய். அந்த நேரம் பார்த்து அந்தோணி அண்ணன் மறுபடியும் ஊதினார். உன் துடுப்பு அந்தரத்தில் நின்றது.

"ஏலே... இது கூப்புடுற விசில்லே" என்றாய். உன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

அதன் பிறகு நீ துடுப்புப் போட்டதை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். அவர்கள் படகை எட்டியதும் அதன் விளிம்பைப் பிடித்தாய். இரண்டு படகும் மோதி மோதி நடுவில் உன் விரல்கள் நசுங்கின. நீ விடவில்லை. உன் கழுத்தில் கிடந்த விசிலை நீயே நீளமாக ஊத ஆரம்பித்தாய், ஊதிவிட்டு "இங்கன வாங்க, எல்லாரும் இங்கன வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாய். இருபது வருடமாக ஓடச் சொன்ன வாய். ஒவ்வொரு படகாக வந்து ஒட்டியது. கடைசியாக அந்தோணி அண்ணனும் வந்து சேர்ந்து, எண்ணைச் சொல்லச் சொன்னார்.

"ஒண்ணு" என்றாய் நீ. "ரெண்டு" என்றேன் நான். மூன்று, நான்கு என்று எட்டு வரை வந்து நின்றுவிட்டது. ராணி எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தாள். உதடு நீலம் பாரித்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்கவில்லை. அந்தோணி அண்ணன் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் "ஒம்போது" என்றாள்.

காற்று அடங்கிக் கரை சேர்ந்தோம். திரும்பும் வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. அருப்புக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தியபோது, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நீ அவளிடம் போனாய். "தங்கச்சி, குத்தம் பூராம் என்னுது. விசில் கேட்ட உடனே இவன் திருப்புலேன்னுதான் கத்துனான். நாந்தான் கேக்கல."

பொய். எனக்காகச் சொன்ன பொய். நான் பக்கத்தில் நின்று டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் நெஞ்சு திடீரென்று நின்ற நாள்வரை அதைப்பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இன்று விசிலை வீட்டுக்குக் கொண்டுபோய் ராணி முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும். நாந்தான் பாத்துக்கிட்டே இருந்தேனே. பத்துத் தடவ போட்டீக. பதினொண்ணாவதுக்குத் திரும்புனீக."

"பெறகு ஏன் ஒண்ணும் கேக்கல?"

"அந்த அண்ணே கை நசுங்கி நின்னுக்கிட்டு உங்களுக்காகப் பொய் சொல்லுது. அதுக்கு மேல என்னத்தக் கேக்க?"

உன் இடத்தில் இப்போது ஒத்திகை நடத்துகிறவன் நான். ஓடச் சொல்லித்தான் முதல் விசில், அதை மாற்ற முடியாது. ஆனால் எல்லோரும் ஓடி முடித்ததும், இரண்டாவது விசில் ஊதி, வெளிக்கேட்டுப் பக்கத்து வேப்பமரத்தடிக்கு வரச் சொல்லி, பக்கத்து ஆளின் கையைப் பிடிக்கச் சொல்லி, வரிசையாக எண்ணைச் சொல்ல வைக்கிறேன். நீ போன மறுமாதமே தொடங்கிவிட்டேன். நாளைய ஒத்திகை முதல் அந்த இரண்டாவது விசில் உன்னுடையது.

எண்ணை முதலில் சொல்ல வேண்டியவன் நான். "ஒண்ணு" உன்னுடையது, அதற்கு இடம் விடுவேன். பிறகு, "ரெண்டு" என்பேன். புதிதாக வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பழைய ஆட்கள் யாரும் திருத்துவதில்லை.