மயிலிடம் நீங்கள் சொன்னது

நங்கையா,

நேற்று வாய்க்கால் கரையில் இரண்டு லோடு புதுக் கிராவல் கொட்டினார்கள். வண்டி நுழையாமல் நட்டு வைத்த கல்லுக்கு இந்தப் பக்கமே கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இனி ஆள் வைத்துக் கூடையில் சுமந்துதான் பரப்ப வேண்டும். இன்று விடியற்காலைத் தூறலில் அது நனைந்து, செம்மண்ணும் உடைகல்லும் கலந்த வாசனை மாட்டுக் கொட்டில் வரைக்கும் வந்தது. கறந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. மாடு திரும்பிப் பார்த்து ஒரு உதை விட்டது. பால் போனது போகட்டும் என்று உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்று கூப்பிடுவது நம் பக்கத்து வழக்கம். நீங்கள் எனக்கு இரண்டு வயதுதான் மூப்பு. நீங்கள் பொள்ளாச்சிப் பக்கமிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த அடுத்த வருடமே, வாய்க்காலுக்குத் தென்கரையில் இருந்த மாமன் மகனுக்கு என்னைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வடகரையில் நீங்கள், தென்கரையில் நான், நடுவில் நாலு ஆள் நீளத்துக்குத் தண்ணீர். இந்த முப்பது வருடத்தில் உங்களுக்குத் தெரியாமல் நான் ஒரு சேலை எடுத்தது கிடையாது.

சைக்கிள் பைத்தியம் உங்களால் வந்தது. ஹாலந்தில் வேலை பார்க்கும் உங்கள் மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஊதாப் பூ பூத்த பொட்டல் காடு, அதன் நடுவே கிராவல் பாதை, அப்புறம் மரம் அடர்ந்த காடு. ஒரு கார் இல்லை, ஒரு லாரி இல்லை. எழுபது வயதுக் கிழவிகள் கூட ஜம்மென்று மிதித்துப் போகிறார்கள். நீங்கள் அதை மூன்று தரம் போட்டுப் பார்த்தீர்கள்.

"இதுக்கா இவன் ஏரோப்பிளேன் ஏறிப் போனான்? இந்த ரோடு நம்மூட்டுப் பின்னாலயே கெடக்குதே அம்மிணி!"

வாஸ்தவம்தான். நம் வாய்க்கால் கரையும் கிராவல்தான். தென்னந்தோப்புகளைத் தாண்டினால் வேலாமரமும் கள்ளியுமாகப் பொட்டல். மழை முடிந்த மாதங்களில் அங்கேயும் கொளுஞ்சிச் செடி ஊதாவாகப் பூத்துக் கிடக்கும். அதற்கப்புறம் தேக்கங்காடு. காடு தொடங்குகிற இடத்தில் ஒரு நடைபாலம். லீவில் வந்த மகன் உங்களுக்குத் தடி டயர் போட்ட சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். நான் என் மகள் பள்ளிக்கூடம் போன சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். சேலைக்கு மேலே தோட்டத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு, சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு நாம் கிளம்பிய முதல் நாள் ஊரே வாய் பிளந்தது.

"ஏனுங்க, ரெண்டு பேரும் எந்தப் பள்ளிக்கூடத்துல சேந்திருக்கறீங்க?" என்று கேட்டான் பால் அளக்கிறவன்.

"நீ பெயிலான பள்ளிக்கூடத்துலதான்" என்றீர்கள்.

வடகரையில்தான் கிராவல் நன்றாக இருக்கும் என்று நான் ஊருக்குள் இருக்கும் பாலத்தைத் தாண்டி உங்கள் பக்கம் வந்துவிடுவேன். டயருக்கு அடியில் கல் நறநறவென்று அரைபடும். அதைத் தவிர ஒரு சத்தம் இருக்காது. மாமியார் கதை, மருமகன் கதை, மூட்டுவலி எல்லாம் அங்கேதான் பேசித் தீர்த்தோம். அப்படி ஒரு சுகத்தை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை, அதற்குப் பிறகும் இல்லை.

அப்புறம் அந்தச் சனியன் பிடித்த கோடை. இரண்டு வீட்டுக்கும் ஒரே மடை. அண்ணனுடைய முறை மத்தியானம் வரைக்கும். ஒரு மணி நேரம் முன்னாலேயே என் வீட்டுக்காரர் போய் மடைப் பலகையைத் தூக்கிவிட்டார். கருகிற பயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லையாம். மச்சானும் மாப்பிள்ளையும் மண்வெட்டியோடு நின்று கத்தினார்கள். நீங்கள் ஓடி வந்து, "போதும், ஊட்டுக்கு வாங்க. தண்ணி நாளைக்கும் வரும்" என்று அண்ணனின் கையைப் பிடித்தீர்கள். அப்போதுதான் இந்தப் பாழாய்ப்போன வாய் அதைச் சொன்னது.

"நீங்க நடுவுல வராதீங்க. இது எங்கப்பன் வெட்டுன மடை."

முப்பது வருடம் அந்த வீட்டில் உழைத்தவளை ஒரே வார்த்தையில் அந்நியமாக்கிவிட்டேன். உங்கள் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். நீங்கள் அண்ணனின் கையை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தீர்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை.

நாலு நாள் வீட்டில் கிடந்தேன். ஐந்தாம் நாள் கால் வீட்டில் தங்கவில்லை. தென்கரையில், குண்டும் குழியுமான பக்கத்தில், தனியாகச் சைக்கிளை எடுத்தேன். பாதித் தோப்பு தாண்டியதும் எதிர்க்கரையில் நறநறவென்று சத்தம். திரும்பிப் பார்க்காமலே நீங்கள்தான் என்று தெரிந்தது. நான் மிதித்தால் மிதித்தீர்கள், நின்றால் நின்றீர்கள். காட்டோரத்து நடைபாலம் வரைக்கும் போய், அவரவர் பக்கத்திலேயே திருப்பிக்கொண்டு வந்தோம்.

பேச்சு இல்லாதவர்கள் நம் ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்பது உங்களுக்கா தெரியாது? சுவரிடம் சொல்வார்கள், கோழியிடம் சொல்வார்கள். ஒரு வாரம் கழித்து, கரையில் கட்டியிருந்த எருமையைப் பார்த்து நீங்கள்தான் தொடங்கினீர்கள்.

"ஏ எருமெ, முன்னால குழி இருக்குது. பாத்து ஓட்டோணும்னு தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு என் சைக்கிள் மணியைப் பார்த்துச் சொன்னேன்: "எருமைக்கு எல்லாந் தெரியுமாம். அவிங்கவிங்க சோலியப் பாக்கச் சொல்லு."

அப்புறம் பத்து மாதம் அப்படியே ஓடியது. உங்கள் மகனுக்குப் பெண் பார்த்ததைக் கொக்கிடம் சொன்னீர்கள். என் மகள் உண்டாகியிருப்பதை நான் தென்னை மரத்திடம் சொன்னேன். மறுநாள் வடகரையிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டியைக் கொஞ்சி, "பேரனோ பேத்தியோ, நல்லபடியாப் பொறக்கட்டும் சாமி" என்றீர்கள். எனக்கு நன்றாகவே புரிந்தது நங்கையா. சுட்ட வார்த்தை என்னுடையது. முதல் பேச்சு என்னிடமிருந்துதான் வர வேண்டும். அது எனக்கு எளிதாகட்டும் என்றுதான் நீங்கள் எருமையையும் கொக்கையும் நடுவில் வைத்தீர்கள். நான் என்ன செய்தேன்? இதுவே வசதியாக இருக்கிறதே என்று நாளை ஓட்டினேன். தை மாதம் மாரியம்மன் நோம்பி வருகிறது, அன்றைக்குத் தட்டத்தில் வெற்றிலை பழம் வைத்து முறையாகப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

நோம்பிக்கு மூன்று வாரம் இருந்தது. மலை இடுக்கு வழியாகக் கிழக்குக் காற்று ஆளைத் தள்ளுகிற காலம். பொட்டலில் இரண்டு பேரும் குனிந்து மிதித்தோம். பாலத்துக்கு இருபது அடி முன்னால் நீங்கள் காலை ஊன்றி நின்றுவிட்டீர்கள். வேலாமரத்தடியில் ஒரு மயில் மேய்ந்துகொண்டிருந்தது.

"மயிலு, நெஞ்சுல ஆரோ கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குது. சித்தெ உக்கோந்துட்டுப் போலாமா?"

லாரி ஓடுகிற ரோடாக இருந்திருந்தால் காதில் விழவில்லை என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அந்த இடத்தில் ஒரு சத்தம் இல்லை. நீங்கள் எனக்குச் சற்று முன்னால் நின்றதால் காற்று கூட உங்கள் பக்கமிருந்து என் பக்கம்தான் அடித்தது. ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. நானோ சைக்கிள் சீட்டைத் தட்டிக்கொண்டு சொன்னேன்:

"எதுர்காத்துல மிதிச்சா அப்படித்தான் இருக்கும். பச்சத்தண்ணி குடிச்சாச் செரியாப் போயிரும்னு அந்த மயிலுகிட்ட ஆராச்சும் சொல்லுங்க."

நீங்கள் சிரித்தீர்கள். சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தீர்கள். வேர்த்திருந்தது. அந்தக் குளிர்காற்றில் ஒருத்திக்கு வேர்த்தால் என்ன அர்த்தம் என்று யோசிக்க எனக்குத் துப்பில்லை. பாலம் பக்கத்திலேயே இருந்தது. தாண்டினால் நேருக்கு நேர் பேச வேண்டியிருக்கும். அதற்குத்தான் நோம்பி இருக்கிறதே என்று நின்றேன். பத்து நிமிடம் கழித்து எழுந்து சைக்கிளைத் திருப்பினீர்கள். காற்று முதுகுப்பக்கம் இருந்ததால் சுலபமாக ஓட்டிக்கொண்டு போனீர்கள். பார், ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் நாள் உங்களைப் பாலக்காட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்தது. இவரிடம் கேட்காமல் பஸ் ஏறினேன். அண்ணன் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். மூக்கில் குழாயோடு நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு பக்கத்தில் ஊசி தயார் பண்ணிக்கொண்டிருந்த நர்ஸிடம் மெல்லச் சொன்னீர்கள்:

"சிஸ்டர், அந்த அம்மிணி காத்தால இருந்து ஒண்ணுந் திங்கலை. டீ வாங்கிக் குடிக்கச் சொல்லுங்க."

அந்த மலையாளப் பெண் விழித்தாள். "அடுத்து தன்னெ உண்டல்லோ சேச்சி, நேரிட்டுப் பறஞ்ஞூடே?" பக்கத்திலேயே நிற்கிறாளே, நேராகச் சொன்னால் ஆகாதா என்று கேட்டாள்.

உங்கள் கண் சிரித்தது. அந்த நேரத்திலும் எனக்கு விளையாட்டுக் காட்டினீர்கள், நான் பேசுவதற்குக் கதவைத் திறந்து வைத்தீர்கள். நான் உங்கள் காலைத் தொட்டுக்கொண்டு நர்ஸிடம்தான் சொன்னேன்: "குடிச்சாச்சுன்னு சொல்லுங்க சிஸ்டர்." அதுவும் பொய். நாளைக்கு வந்து எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் நான் கிளம்புவதற்கு முன்னாலேயே உங்களைக் கொண்டு வந்துவிட்டார்கள்.

எழவு வீட்டில் மச்சானும் மாப்பிள்ளையும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இப்போது ஒரே மடையில் உட்கார்ந்து பீடி பிடிக்கிறார்கள். "தண்ணிக்கென்ன, நீங்களே மொதல்ல எடுத்துக்கங்க மாப்ளே" என்று அண்ணன் உபசாரம் செய்வதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று இரண்டு பேரையும் வாய்க்காலில் தள்ளத் தோன்றுகிறது. ஆனால் அவர்களைச் சொல்லி என்ன? அவர்கள் மண்வெட்டியோடு நின்றார்கள், சரி. எனக்கு என்ன வந்தது?

காரியம் முடிந்து திரும்பும்போது உங்கள் மகன் அந்தச் சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். "அம்மா நெனப்பா ஓட்டுங்கத்தெ" என்றான். ஓட்டுகிறேன். பாலைக் கொட்டிய இன்றைக்கும் போனேன். யாரோடும் பேச்சில்லாமல் பாலம் வரைக்கும் போய், நீங்கள் உட்கார்ந்த இடத்தில் இறங்கி நின்றேன். ஒரு வண்டி இல்லை, ஒரு ஆள் இல்லை. எருமையும் கொக்கும் நடுவில் வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே பாலம் தாண்டி வந்து கேட்டிருக்க வேண்டியதை வாய்விட்டு, நேராக உங்களிடமே கேட்டேன்:

"நங்கையா, எங்கீங்க வலிக்குது?"