நாக்ஸ்வில் ஆட்டமும் நான் தூக்காத கையும்

மார்ச் 3, 1998. செவ்வாய்

வண்டியில் ஹீட்டர் மறுபடி படுத்துவிட்டது. ராய்ஸ் ஹக்கபி போர்வையைப் போர்த்திக்கொண்டே ஓட்டினான். சாம்பியன் பெல்ட் பின்சீட்டில் என் அழுக்குத் துணி மூட்டைமேல் கிடந்தது. பதினோரு வருஷமாக இப்படித்தான் ஊர் ஊராகப் போகிறோம். அவன் மல்யுத்த ரிங்கில் சண்டை போடுவான், நான் கோடுபோட்ட சட்டையில் நடுவராக நின்று, விழுந்தவன் எழாவிட்டால் மூன்று எண்ணுவேன்.

சாப்பிட நிறுத்திய இடத்தில் முட்டையைக் கிளறிக்கொண்டே சொன்னான். "ஸ்டோவால் கூப்பிட்டாரு. ஏப்ரல்ல நாக்ஸ்வில் பெரிய ஆட்டத்துல நான் ட்ரென்ட்கிட்ட தோக்கணுமாம்."

முதலாளி கேட்டதில் எனக்கு அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. ஜூனில் ராய்ஸின் ஒப்பந்தம் முடிகிறது. போகிறவன் இருக்கிறவனிடம் தோற்றுவிட்டுப் போக வேண்டும், அது எங்கள் தொழிலில் மரியாதை. இவன் கையில் பெல்ட் வந்ததும் அப்படித்தான். அதைச் சொன்னேன்.

"தோக்கறதுக்கு நான் எப்படா பயந்தேன்? அந்தப் பயகிட்ட என் உடம்பக் குடுக்க மாட்டேன்."

அவன் சொல்வது புரிகிறது. யார் ஜெயிப்பது என்று முன்பே பேசிவைத்த ஆட்டம்தானே, அடியா படப்போகிறது என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். தலைகீழாக ஒருத்தன் நம்மைத் தூக்கும்போது கழுத்து முழுக்க அவன் பொறுப்பு. ட்ரென்ட் காஸ்வெல்லுக்கு அலமாரி மாதிரி மார்பு இருக்கிறது, கையில் நிதானம் இல்லை. ஜனவரியில் ஒருத்தனைத் தலை குப்புறப் போட்டுவிட்டு, அரைமணியில் பீட்சா தின்றுகொண்டிருந்தான். முதலாளி ஸ்டோவாலின் மகளைக் கட்டியவன். யார் கேட்பது?

மார்ச் 17

சார்லட் ஆபீஸில் கூட்டம். எட்டுப் பேர் இருந்தோம்.

ராய்ஸ் ஓரளவுக்கு இறங்கித்தான் வந்தான். யாராவது பின்னாலிருந்து நாற்காலியால் அடிக்கட்டும், நான் விழுகிறேன், ட்ரென்ட் மேலே படுத்து ஜெயிக்கட்டும், என்னைத் தலைகீழாகத் தூக்க வேண்டாம் என்றான். ஸ்டோவால் ஒப்புக்கொள்ளவில்லை.

"காசு கட்டி வீட்ல உக்காந்து பாக்குறவனுக்கு நாற்காலியக் காட்ட முடியாது ராய்ஸ். என் மாப்பிள்ளை உன்னத் தூக்கிப் போடணும். அதான் முடிவு."

"அப்ப ஒண்ணு பண்றேன். நடு ரிங்குல கல்லு மாதிரி படுத்துக்கறேன். செத்தவனாட்டம். உங்க மாப்பிள்ள என்ன தூக்குறான்னு பாப்போம். உலகமே பாக்கட்டும்."

எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். நான் சிரித்தேன்.

மார்ச் 18

இன்று வண்டியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோ மட்டும்.

ஏப்ரல் 5. ஞாயிறு

ராய்ஸ் வீட்டில் மதியச் சாப்பாடு. அவன் மனைவி நெல்டா கோழி பொரித்திருந்தாள். பெரிய ஆட்டத்துக்கு வரச் சொன்னேன். "நடிப்புப் பாக்க நான் எதுக்கு அவ்வளவு தூரம் வரணும்" என்றாள். அவளுக்கு அந்தக் கோபம் போகாது. கல்யாணமான புதிதில், ஆட்டத்தின் கதைக்காக ராய்ஸின் கால் முறிந்துவிட்டதாகக் கம்பெனி அவளுக்கே சொன்னது. அக்கம்பக்கத்தார் நம்ப வேண்டுமென்றால் பெண்டாட்டி நிஜமாக அழ வேண்டுமாம். ஒரு வாரம் அழுதாள். அந்த ஒரு வாரமும் நான் அவன் கூடத்தான் மோட்டலில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 19. ஞாயிறு, காலை

நாக்ஸ்வில். ஆட்டத்தின் முடிவு காலையிலிருந்து மூன்று தடவை மாறிவிட்டது. ஒன்பது மணிக்கு நாற்காலி உண்டு. பத்தரைக்கு நாற்காலி இல்லை. பிறகு நாற்காலி உண்டு, ஆனால் அதற்கு முன்னால் ட்ரென்ட் ஒரே ஒரு தடவை தூக்குவான். ராய்ஸ் உடைமாற்றும் அறைக் கதவை உதைத்துவிட்டு வந்து, "ஒரு தடவை. அவ்வளவுதான்" என்றான்.

என் காதில் ஒரு சின்னக் கருவி மாட்டியிருக்கிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஸ்டோவாலே பேசுவாராம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெர்ன், அவன் படுத்துப்பேன்னு சொன்னத மறக்காத. படுத்தான்னா நீ ஏமாறாத" என்றார். சரி என்றேன்.

ஏப்ரல் 20

எழுதித்தான் ஆக வேண்டும். எங்கேயாவது ஒரு இடத்தில் இது நடந்தபடி இருக்கட்டும்.

பன்னிரண்டாவது நிமிஷம். ட்ரென்ட் தூக்கினான். கால் சறுக்கியது. ராய்ஸ் தோளில் விழ வேண்டியவன் உச்சந்தலையில் விழுந்தான். விழுந்த இடத்திலேயே கிடந்தான்.

போய் மண்டியிட்டேன். கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினேன். ஆள் நன்றாக இருந்தால் திருப்பி அழுத்துவான், ரிங்கில் அதுதான் எங்கள் பேச்சு. அழுத்தவில்லை. மறுபடி அழுத்தினேன். இல்லை.

அடுத்து நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பெருக்கல் குறி மாதிரி வைக்க வேண்டும். அடி நிஜம், ஆட்டத்தை நிறுத்து என்று அர்த்தம். அதை நடிப்புக்காக யாரும் தூக்குவதில்லை.

காதில் ஸ்டோவால். "படுத்துட்டான் பாத்தியா. சொன்னபடியே செய்யறான். விடாத. ட்ரென்ட்ட தூக்கச் சொல்லு."

நான் குனிந்தேன். ராய்ஸின் உதடு அசைந்தது. சொன்னான். "கை அசையலடா வெர்ன்."

கேட்டது. தெளிவாகக் கேட்டது. கூட்டத்துச் சத்தத்தில் கேட்கவில்லை என்று எவனிடம் சொன்னாலும் என்னிடமே சொல்லிக்கொள்ள முடியாது. நான் என்னடா நினைச்சேன் அப்ப? நல்லாத்தான் நடிக்கிறான்னு நினைச்சேன். என்னையும் சேர்த்து ஏமாத்தப் பாக்குறானேன்னு கோவம் வந்துது. பதினோரு வருஷம் கூடத் தின்னவன், என்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னு—

ட்ரென்ட்டைப் பார்த்துத் தலையசைத்தேன். அவன் ராய்ஸை இடுப்பில் பிடித்து மறுபடி தூக்கினான். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. போட்டான். நான் மூன்று எண்ணினேன்.

ஏப்ரல் 21

மருத்துவமனை. கழுத்தில் இரண்டு எலும்பு முறிவு. முதல் தடவை விழுந்ததோடு அசைக்காமல் விட்டிருந்தால் ஒருவேளை எழுந்து நடந்திருப்பான் என்று டாக்டர் நெல்டாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

ஆட்டத்தன்று ராத்திரி கம்பெனியிலிருந்து மூன்று தடவை போன் செய்திருக்கிறார்கள், அவள் மூன்று தடவையும் வைத்துவிட்டாளாம். "திரும்ப அதே கதையா, வேற ஆளப் பாருங்க" என்று.

ஏப்ரல் 24

ஸ்டோவால் கேட்டார். "அவன் உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

"இல்ல சார்."

"நிச்சயமா?"

"ஒண்ணும் சொல்லல."

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஆக, அந்தப் பொய் அவருக்கும் வேண்டியிருக்கிறது. நெல்டாவும் மாலையில் கேட்டாள். அவளிடமும் அதையே சொன்னேன். இரண்டாவது தடவை சுலபமாக வந்தது.

மே 9

ராய்ஸ் பேசுகிறான். வலது கை கொஞ்சம் வருகிறது. கால்கள் இல்லை. சாதாரணமாகத்தான் இருந்தான், நர்ஸைக் கிண்டல் செய்தான், மெலிந்துவிட்டாய் என்று என்னையும் திட்டினான். அன்றைய ஆட்டம் அவனுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. நடந்து உள்ளே வந்தது வரைக்கும்தான்.

"நான் ஒண்ணுமே சொல்லலையா வெர்ன்? வலிக்குதுன்னு கூடவா சொல்லல? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். அவ்வளவு முட்டாளாடா நான், வாயத் திறக்காம கெடந்தேனா?"

"கெடந்தே."

"கூட்டத்துல பேசினதுதான் என்னக் கெடுத்துது. கல்லு மாதிரி கெடப்பேன்னு. என் வாய்தான். உன்மேல தப்பில்லடா."

என் தோளைத் தட்டக் கையை எடுத்தான். பாதியில் விழுந்துவிட்டது.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள் என்று எழுதலாம். நர்ஸ் வரவில்லை.

ஜூன் 16

ஆட்டத்துக்கு ஆட்டம் தனியாக ஓட்டிப் போகிறேன். ஹீட்டரைச் சரிசெய்தாகிவிட்டது. இந்த வெயிலில்.

ஜூலை 22

அடுத்த ஆட்டங்களுக்கு ஸ்டோவால் ஒரு கதை தயார் செய்துவிட்டார். நடுவர் வெர்ன் டாக்கெட், ட்ரென்ட்டிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டு, அடிபட்டவனைப் பார்த்தும் பாராதவன்போல் இருந்துவிட்டானாம். செப்டம்பர் பெரிய ஆட்டத்தில் ராய்ஸை சக்கர நாற்காலியில் கொண்டுவந்து நிறுத்துவார்கள், அவன் முன்னால் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரே என்னைக் காறித் துப்பும்.

மாட்டேன் என்று சொல்ல ராய்ஸ் வீட்டுக்குப் போனேன். அவன் ஏற்கெனவே சரி சொல்லியிருந்தான்.

"சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு இது எவ்வளவோ மேலுடா. ஒரு தடவயாவது அந்தச் சத்தத்தக் கேக்கணும். எனக்காக வா."

"உனக்கு வேற வேலையே இல்லையா" என்றாள் நெல்டா. அவனிடம் சொன்னாளா, என்னிடமா, தெரியவில்லை.

செப்டம்பர் 14. திங்கள்

நேற்று சாட்டனூகா. எனக்குக் கொடுத்த தாளில் நாலு வரி. பணம் வாங்கினேன். பார்த்தும் பார்க்காமல் இருந்தேன். மன்னித்துவிடு. பிறகு அழுகை.

முதல் வரியைச் சொன்னேன். ராய்ஸ் எதிரே நாற்காலியில், பழைய சிவப்பு மேலங்கி, உள்ளே தோள் காணாமல் போயிருந்தது. இரண்டாவது வரி வரவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அதுவாக வந்தது.

"நீ சொன்னே ராய்ஸ். கை அசையலடா வெர்ன்னு சொன்னே. எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் அவன உன்னத் தூக்கச் சொன்னேன்."

பதினாலாயிரம் பேர். கூச்சல், காகிதக் கோப்பைகள், ஐஸ் கட்டி. ஒன்று என் காதில் பட்டது.

திரைக்குப் பின்னால் ஸ்டோவால் என்னைக் கட்டிப்பிடித்தார். இருபது வருஷத்தில் இப்படி ஒருத்தன் பேசிக் கேட்டதில்லையாம். ட்ரென்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, எனக்கே நிஜம் மாதிரி இருந்துச்சு" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

ராய்ஸ் சரக்கு இறக்கும் கதவுப் பக்கம் தனியாக இருந்தான்.

"அந்த வரி நல்லாருந்துச்சு. கை அசையலன்னு."

"ம்."

"என் தாள்ல அது இல்லையே வெர்ன்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகக்கூட இல்லை. கேட்டான், அவ்வளவுதான். பதினாலாயிரம் பேர் முன்னால் சொல்ல முடிந்ததை இந்த ஒருத்தன் முன்னால் சொல்லிவிட்டால் போதும்.

"கடைசி நேரத்துல சேத்தாங்க," என்றேன். "ஸ்டோவால் எழுதினது."

"அந்தாளுக்கு இவ்வளவு எழுத வருமா" என்றான். நெல்டா வண்டியைக் கொண்டுவந்துவிட்டாள்.

செப்டம்பர் 16

ஸ்டோவால் போன் செய்தார். நவம்பர் வரை எல்லா ஊரிலும் அந்த வரியையே சொல்ல வேண்டுமாம். வேறு எதையும் மாற்றாதே என்றார். சரி என்றேன்.

நவம்பர் 8. ஞாயிறு

ரோனோக். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கூட்டம் தொடங்கிவிட்டது. கை அசையலடா வெர்ன், கை அசையலடா வெர்ன் என்று சின்னக் குழந்தைகள்கூடக் கைதட்டிக் கத்துகின்றன. சட்டையில் அச்சடித்து வாசலில் விற்கிறார்கள். ராய்ஸ் சாட்டனூகாவுக்குப் பிறகு எந்த ஊருக்கும் வரவில்லை. போன் செய்தால் நெல்டா எடுத்து, அவன் தூங்குகிறான் என்கிறாள்.